எடைக்குப் போட வேண்டியது அந்த வண்டியை அல்ல

பதிவு நீளமாகத்தான் இருக்கும். பாதி படித்துவிட்டுக் கீழே போய்க் கருத்துப் போட வேண்டாம். முழுதும் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

நம் ஜேடர்பாளையத்துப் பையன் ஒருவன் பழைய கியர் சைக்கிளில் மோட்டார் வைத்து, பின்னால் இரும்பு கேரியர் கட்டி, ராஜவாய்க்கால் கரையில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போகிற வீடியோ நான்கு நாளாக நம் குரூப்புகளில் சுற்றுகிறது. அதற்கு வந்த கருத்துகளையும் படித்தேன். "படிப்பு ஏறாத பயலுக்கு வேற என்ன வேலை." "போலீஸ்ல புடிச்சுக் குடுங்க." "கடன் வாங்கியாவது கம்பெனி வண்டி வாங்கிக் குடுக்க வேண்டியதுதானே." கடைசியாக அவன் அப்பாவே, "நாளைக்கு எடைக்குப் போட்டுட்டு வந்துடறேன்" என்று எழுதியிருக்கிறார். அப்பாவும் என்னிடம் படித்தவர்தான். கருத்துப் போட்டவர்களில் பாதிப்பேர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். அதனால்தான் இதை எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கட்டுகிற கையை உடைக்காதீர்கள். அந்தக் கைக்குப் பிரேக் கட்டவும் கற்றுக்கொடுங்கள். பரிசோதித்துச் சான்று வாங்க ஒரு வழியும் ஏற்படுத்திக் கொடுங்கள். இந்த இரண்டையும் செய்யாமல் "ஆபத்து, ஆபத்து" என்று கத்துகிறவர்களுக்கு அந்த வண்டியைக் குறை சொல்லும் தகுதி கிடையாது.

"ஆசிரியர் பயிற்சி மட்டும் முடித்த டீச்சருக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும்" என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். நெம்புகோல், உராய்வு, வேகம், மின்னோட்டம் எல்லாம் நடுநிலைப் பள்ளிப் பாடம் சாமி. கீழே நான் போடுகிற கணக்கில் ஒன்று கூட அதைத் தாண்டிப் போகாது. நீங்களும் படித்தவைதான்.

முதலில் "படிப்பு ஏறாத பயல்" என்ற பேச்சு.

அந்த வண்டியை நான் நேரில் போய்ப் பார்த்தேன். பின் சக்கரத்துக்குள்ளேயே உட்காருகிற ஹப் மோட்டார். 48 வோல்ட், 1,000 வாட். பேட்டரியைக் கடையில் முழுதாக வாங்கவில்லை, செல் செல்லாக வாங்கிச் சேர்த்திருக்கிறான். ஒரு லித்தியம் செல் 3.7 வோல்ட். 13 செல்லை வரிசையாகச் சேர்த்தால் 48.1 வோல்ட். அப்படி ஒரு வரிசை மட்டும் இருந்தால் சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று 6 வரிசையைப் பக்கவாட்டில் இணைத்திருக்கிறான். மொத்தம் 78 செல். ஒவ்வொன்றும் 2.5 ஆம்பியர் மணி என்றால் 6 பெருக்கல் 2.5, ஆக 15 ஆம்பியர் மணி. 48-ஐ 15-ஆல் பெருக்கினால் 720 வாட் மணி. கரண்டு பில் கணக்கில் முக்கால் யூனிட் கூட இல்லை. தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று கரும்பலகையில் பல்பு படம் போட்டுக் காட்டினோமே, அதேதான். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு 5 மதிப்பெண் வாங்கியவர்களில் எத்தனை பேர் அதற்கப்புறம் இரண்டு பேட்டரியைச் சேர்த்துப் பார்த்திருக்கிறீர்கள்? இவன் 78-ஐச் சேர்த்திருக்கிறான்.

செல்லின் தலையில் சூட்டுக்கோலை வைத்து ஈயப்பற்று வைத்தால் உள்ளே கெட்டுப்போகும் என்று தெரிந்து, நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்திருக்கிறான். எந்தச் செல்லும் அளவுக்கு மேல் சார்ஜ் ஆகாமலும் அளவுக்குக் கீழே இறங்காமலும் பார்த்துக்கொள்ள ஒரு பலகை வைத்திருக்கிறான். 1,000 வாட்டை 48-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 21 ஆம்பியர். நம் வீட்டுச் சின்ன பிளக் 5 ஆம்பியருக்கு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த வயரை இதில் மாட்டினால் உருகிவிடும் என்று தடித்த வயர் போட்டு, ஃபியூஸும் வைத்திருக்கிறான். இது படிப்பு இல்லை என்றால் எது படிப்பு?

அவன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவன். பகலில் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. இதையே சென்னையில் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் டீ-சர்ட் போட்டுக்கொண்டு செய்திருந்தால் நீங்களே "ஸ்டார்ட்அப்" என்று கைதட்டி ஷேர் செய்திருப்பீர்கள். 2013-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் ஏத்தர் கம்பெனியைத் தொடங்கினார்கள். இன்றைக்கு அந்த ஸ்கூட்டர் ஓசூரில் தயாராகிறது. பெருமைதான், எனக்கும் பெருமைதான். ஆனால் கைலி கட்டியவன் அதே திசையில் நாலு எட்டு வைத்தால் "போலீஸ்ல புடிச்சுக் குடுங்க" என்கிற வாய் எங்கிருந்து வந்தது?

அடுத்தது, "கம்பெனி வண்டி வாங்க வேண்டியதுதானே."

கம்பெனி எங்கிருந்து வந்தது? 1946-இல், போரில் தோற்றுக் கிடந்த ஜப்பானில், ஹமாமட்சு என்ற ஊரில் சோயிச்சிரோ ஹோண்டா என்ன செய்தார் தெரியுமா? ராணுவம் ரேடியோ பெட்டிகளுக்கு மின்சாரம் எடுக்க வைத்திருந்த சின்ன இன்ஜின்கள் மீந்து கிடந்தன. அவற்றை வாங்கிச் சைக்கிளில் மாட்டி விற்றார். அந்த இன்ஜின்கள் தீர்ந்ததும் சொந்தமாக இன்ஜின் செய்தார். 1948-இல் ஹோண்டா கம்பெனி பிறந்தது. நீங்கள் "கம்பெனி வண்டி" என்று மரியாதை கொடுக்கிற ஹோண்டாவின் பூர்வீகம் சைக்கிளில் மாட்டிய பழைய இன்ஜின்தான்.

நம் பக்கமும் அப்படித்தான். 1972-இல் லூனா வந்தது. 1980-இல் ஓசூரில் டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டிலும் பெடல் இருந்தது, பழையவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பால்காரரும் வெற்றிலைக்காரரும் போஸ்ட்மேனும் ஏறிய முதல் மோட்டார் வண்டி, சைக்கிளுக்கு அண்ணன் மாதிரி இருந்த வண்டிதான். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, வேலை செய்து பணம் சேர்த்து, அதையே வாங்கி, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அவரைப் பற்றி மேடையில் பேசிய ஆசிரியர்கள் நாம். நம் தெருவில் ஒருவன் கழற்றிப் பூட்டினால் எடைக்குப் போடச் சொல்கிறோம்.

நாமக்கல்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் கொடுமை. இந்தியா முழுக்க ஓடுகிற லாரிகளுக்கு நம் மாவட்டத்தில் பாடி கட்டுகிறார்கள். மொட்டைச் சேஸிஸ் வரும், முழு லாரியாகத் திரும்பிப் போகும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போய்ப் போர் போடாத மாநிலம் உண்டா? இதெல்லாம் பெரிய பட்டம் வாங்கியவர்கள் மட்டும் கட்டியதா? வெல்டிங் கண்ணாடி போட்டவர்கள் கட்டியது. அந்தச் சம்பளத்தில்தான் இந்தக் குரூப்பில் பல வீட்டுப் பிள்ளைகள் இன்ஜினியரிங் படித்தார்கள்.

சரி, "ஆபத்து" என்கிறீர்களே. ஆமாம், ஆபத்துதான். இந்த இடத்தில் நான் பையன்கள் பக்கம் திரும்பிப் பேச வேண்டும். கண்ணுகளா, நீங்களும் நிமிர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

வேகம் இரண்டு மடங்கானால் வண்டியில் இருக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். 25 கி.மீ. வேகத்தில் போகிற சைக்கிளைக் காய்ந்த ரோட்டில் நல்ல பிரேக் போட்டு நிறுத்த ஏறத்தாழ 6 மீட்டர் வேண்டும். 50-இல் 24 மீட்டர். இது பிரேக் பிடித்த பிறகு உள்ள தூரம். கண்ணில் பட்டு, கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள். அந்த ஒரு நொடியில் 25 என்றால் 7 மீட்டர், 50 என்றால் 14 மீட்டர் போய்விடும். ஆக மொத்தம் 13 மீட்டருக்கும் 38 மீட்டருக்கும் உள்ள வித்தியாசம். வாய்க்கால் கரை ரோட்டில் 38 மீட்டர் தூரம் நேராகப் பார்வை கிடைக்கிற இடம் எத்தனை? வளைவு திரும்பினால் ஆடு நிற்கும், கரும்பு ஏற்றிய டிராக்டர் நிற்கும். மழை பெய்து ரிம் நனைந்திருந்தால், ரிம்மைப் பிடிக்கிற ரப்பர் பிரேக் கட்டை முதல் கொஞ்ச நேரம் வழுக்கும். அப்போது என் கணக்கும் செல்லாது.

கொல்லிமலைக்கு ஓட்டிப் போய் ரீல்ஸ் போடப் போகிறேன் என்று ஒரு பையன் எழுதியிருக்கிறான். 70 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். ஆளும் வண்டியும் 100 கிலோ என்று வை. ஏறும்போது மோட்டார் கொடுத்த ஆற்றலை இறங்கும்போது பிரேக்தான் வாங்க வேண்டும். காற்று ஒரு பங்கு வாங்கிக்கொள்ளும், மீதி எல்லாம் பிரேக்கில் சூடாகும். அந்த மொத்த ஆற்றலும் சூடானால் 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். உன் சைக்கிளின் இரண்டு பிரேக் கட்டை அதைத் தாங்குமா என்று யோசித்தாயா?

வெறும் சைக்கிளுக்கே இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் மலைச் சைக்கிள் பிறந்த கதை அது. 1970-களில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலை மேலே கொண்டுபோய் மண் பாதையில் இறக்கினார்கள். 1976-இல் போட்டியே வைத்தார்கள். அந்தப் போட்டிக்கு "ரீபேக்" என்று பெயர். காரணம், ஒரு தடவை இறங்கி முடிப்பதற்குள் பின் சக்கர பிரேக் சூட்டில் உள்ளே இருக்கிற கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடி பிரித்துக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த தடவை. இன்று உலகமே ஓட்டுகிற மலைச் சைக்கிளில் டிஸ்க் பிரேக் இருப்பது அழகுக்கு என்று நினைத்தாயா?

ஏறுவதிலும் ஒன்று சொல்கிறேன். 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறுகிற ரோட்டில் 100 கிலோவை இழுக்கும்போது, 250 வாட் மோட்டார் மணிக்கு 13 கி.மீ. அளவுக்குத்தான் போகும். ஹப் மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது கரண்டை இழுவையாக மாற்றாமல் சூடாக மாற்றும். நீண்ட ஏற்றத்தில் பெரிய மோட்டாரும் உள்ளே வெந்துபோகும். மலைக்கு என்றே வண்டி கட்டுகிறவர்கள் மோட்டாரைப் பெடல் இருக்கும் இடத்தில் வைத்து, சைக்கிளின் கியர் வழியாக இழுக்க விடுவது இதனால்தான்.

இன்னொரு கணக்கு. ஹப் மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது, அதன் அச்சு பின்னால் திரும்பப் பார்க்கும். அந்த அச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது ஃபிரேமில் இருக்கிற சின்ன வெட்டுதான். அச்சின் தட்டைப் பக்கம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். மோட்டாரின் முறுக்கு விசை 40 நியூட்டன் மீட்டர் என்றால், அந்த 10 மில்லிமீட்டரில் 400 கிலோ அளவுக்கு அழுத்தம் வரும். அலுமினிய ஃபிரேம் என்றால் ஒரு நாள் வெட்டு விரிந்து அச்சு சுற்றிவிடும். வயர் அறுந்து, சக்கரமே கழன்று வரும். இதற்கு மருந்து ஒரு இரும்புக் கை. "டார்க் ஆர்ம்" என்று விற்கிறார்கள். பட்டறையில் வெட்டியும் செய்யலாம். அச்சைக் கவ்வி, 10 சென்டிமீட்டர் தள்ளி ஃபிரேமில் பிடிக்க வேண்டும். 400 கிலோ 40 கிலோவாகக் குறைந்துவிடும். நெம்புகோல் பாடம். ஆர்க்கிமிடிஸ் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு இது தோன்றாது. செய்து பார்த்தவனுக்குத் தோன்றும்.

நம் பையன் இரண்டு பக்கமும் இந்தக் கையை வைத்திருக்கிறான். இரும்பு ஃபிரேம்தான் எடுத்திருக்கிறான். ஹேண்டில்பார் கழுத்துக்குக் கீழே முட்டுத் தகடு வைத்து வெல்டிங் செய்திருக்கிறான். அலுமினியத்தில் அப்படி வெல்டிங் வைத்தால் வைத்த இடத்தைச் சுற்றி உலோகம் பலம் இழந்துவிடும் என்று எனக்கே விளக்கினான். மெச்சினேன். ஆனால் முன் பிரேக் பழைய ரிம் பிரேக். பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்துகிற சுவிட்சு இல்லை. கேட்டதற்கு, "மோட்டார்லயே காசு தீர்ந்துபோச்சுங்க டீச்சர்" என்றான். நான் சொன்னேன், காசு தீர்ந்தால் மோட்டாரைச் சின்னதாக வாங்கு, பிரேக்கைச் சின்னதாக வாங்காதே. இந்த வாக்கியத்தை ஒவ்வொரு பையனும் கைபேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ஹார்லியும் டேவிட்சன் சகோதரர்களும் 1903-இல் செய்த முதல் வண்டியும் மோட்டார் வைத்த சைக்கிள்தான். 116 சி.சி. இன்ஜின். தங்கள் ஊர் மேட்டில் பெடல் மிதிக்காமல் ஏறவில்லை. அவர்கள் அதே சைக்கிளில் பெரிய இன்ஜினை மட்டும் திணிக்கவில்லை. 405 சி.சி. இன்ஜினுக்குப் புதிதாக ஃபிரேமே செய்தார்கள். பலத்தைக் கூட்டினால் உடம்பையும் கூட்ட வேண்டும். நம் லாரிப் பட்டறைக்காரர்களுக்கு இது சொல்லியா தெரிய வேண்டும்?

அடுத்தது சட்டம். "சட்டவிரோதம்" என்று பெரிய எழுத்தில் போட்டவர்களுக்கு.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் 25 கி.மீ.க்குள் இருக்கும் மின்சார சைக்கிள் மோட்டார் வாகனம் ஆகாது. லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம். அதையும் மத்திய மோட்டார் வாகன விதி 126-இல் சொல்லியிருக்கிற சோதனை நிறுவனம் பார்த்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பெட்ரோல் என்றால் 25 சி.சி.க்குள் இருக்க வேண்டும். தோப்பில் புல் வெட்டும் மெஷினின் இன்ஜினைக் கழற்றிச் சைக்கிளில் மாட்டுகிறவர்கள் கவனியுங்கள். அவற்றில் பல 40, 50 சி.சி. அவை ரோட்டுக்கு வந்தால் மோட்டார் வாகனம்தான்.

ஆக, நம் பையனின் 1,000 வாட் வண்டி பொது ரோட்டுக்கு வரக் கூடாது. நான் மழுப்பவில்லை. பதிவு இல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடையாது. ரோட்டில் ஒருத்தர் மேல் மோதினால் நஷ்டஈடு அப்பாவின் தோட்டத்துக்கு வரும். பதினெட்டு வயது ஆகாதவன் ஓட்டி மாட்டினால், 2019-இல் திருத்திய சட்டப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த மிதிவண்டியில் மோட்டார் மாட்டலாமா என்று கேட்கிற பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படிக்க வேண்டும்.

ஆனால் என் கேள்வி சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களுக்கு. 1,000 வாட், 1,500 வாட் மோட்டார் பெட்டியாக, எல்லாச் சாமானோடும் ஆன்லைனில் வெளிப்படையாக விற்கிறது. வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். விற்பவனை யாரும் கேட்பதில்லை. மாட்டுகிறவன் மட்டும் குற்றவாளி. சரி, மாட்டினவன் நேர்மையாக, "என் வண்டியைச் சோதித்துப் பாருங்கள், குறை இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன்" என்று போனால் எங்கே போவான்? விதி 126 ஆயிரக்கணக்கில் வண்டி செய்கிற கம்பெனிகளை மனதில் வைத்து எழுதியது. ஒற்றை வண்டி கட்டினவன் அந்தச் சோதனைக்குச் செலவழிக்க வேண்டும் என்றால் அப்பாவின் தோட்டத்தை விற்க வேண்டும்.

இங்கிலாந்தில் வீட்டில் ஒருவர் தன் கையால் கட்டின ஒரே ஒரு மோட்டார் சைக்கிளுக்கும் அரசுப் பரிசோதனை உண்டு. பிரேக், விளக்கு, கூர்மையான விளிம்பு எல்லாம் பார்த்துத் தேறினால் பதிவு செய்துகொள்ளலாம். நம்மிடம் மட்டும் ஏன் முடியாது? பட்டறையில் கட்டின லாரி பாடி ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய், பரிசோதனை முடிந்து, நம்பர் வாங்கி டில்லி வரை போகிறது. 16 டன் சுமக்கிற கைவேலைக்கு வழி இருக்கிறது. இரண்டு வாழைத்தார் சுமக்கிற கைவேலைக்கு வழி இல்லை. வழி இல்லாத இடத்தில் பையன்கள் திருட்டுத்தனமாக ராத்திரியில் ஓட்டுகிறார்கள். திருட்டுத்தனமாக ஓட்டுகிற வண்டியில் பிரேக் சரியில்லை என்று யார் பார்த்துச் சொல்வது? நீங்கள் சொல்கிற ஆபத்தில் பாதி இப்படித்தான் பிறக்கிறது.

இன்னொரு மறுப்பும் வரும் என்று எனக்குத் தெரியும். அதை நானே எடுத்துக்கொள்கிறேன். "டீச்சர், பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்பச் சொல்கிறீர்களே, இது குலக்கல்வி இல்லையா?"

இல்லை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது போனது. போனது நல்லது. செருப்புத் தைக்கிறவர் மகன் செருப்பையே தைக்கட்டும் என்கிற ஏற்பாடு அது. நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. கூலிக்குக் கரும்பு வெட்டுகிறவர் மகள் பேட்டரி கட்டக் கற்க வேண்டும். வக்கீல் மகனும் சக்கரத்துக்கு ஸ்போக்ஸ் கம்பி கட்டக் கற்க வேண்டும். கைவேலை ஒரு சாதிக்கு மட்டும் உரியது என்ற நினைப்பினால்தான் மற்றவர்களுக்கு அது கேவலமாகத் தெரிகிறது. "படிப்பு ஏறாத பயல்" என்று நீங்கள் எழுதியதில் அந்தப் பழைய நாற்றம் அடிக்கிறது. பட்டம் வாங்கியும் போகவில்லை.

1978-இல் பிளஸ் டூ வந்தபோது தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்தே வந்தது. ஆசிரியர் ஓய்வு பெற்றால் அடுத்தவரைப் போடாமல், எத்தனையோ பள்ளிகளில் அந்தப் பிரிவைச் சத்தமில்லாமல் மூடினார்கள். மூடும்போது ஒரு பெற்றோர் கூட்டத்தில் கூட யாரும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. நீட் வகுப்பு நடக்கவில்லை என்றால் மட்டும் பெரிய கூட்டமாக வந்தோம். பிள்ளைகளுக்குச் சைக்கிள் இலவசமாகக் கிடைக்கிறது, நல்ல திட்டம். அந்தச் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டவும் பிரேக் கட்டை மாற்றவும் கற்றுக்கொடுக்க வாரம் ஒரு பீரியட் கிடையாது. அப்புறம் பையன் யூடியூபைப் பார்த்து மோட்டார் மாட்டினால், பிரேக் இல்லை என்று குற்றம் சொல்கிறோம். பிரேக்கைப் பற்றிச் சொல்லிக்கொடுக்காதது யார்?

இப்போது நேராக ஆளைக் கூப்பிட்டுப் பேசுகிறேன்.

பட்டறை வைத்திருக்கிற என் மாணவர்களே, ஞாயிற்றுக்கிழமை அரைநாள் உங்கள் பட்டறையில் ஒரு மூலையை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். உங்கள் மேஸ்திரி ஒரு பார்வை பார்த்தால், வெல்டிங் உள்ளே பிடித்திருக்கிறதா மேலே மட்டும் பூசியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அந்தப் பார்வைக்குக் காசு இல்லை. ஒரு உயிர் மிஞ்சும்.

பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. வேலையில் இருப்பவர்களே, வருஷத்துக்கு ஒரு நாள் வைத்து, வீட்டில் கட்டின வண்டிகளை எல்லாம் கூப்பிட்டுப் பாருங்கள். சான்றிதழ் வேண்டாம். பிரேக், அச்சு, வயர், பேட்டரி என்று நான்கு வரி எழுதிக் கொடுங்கள். அப்படி நடந்ததைக் காட்டித்தான் நாளைக்கு அரசிடம் வழி கேட்க முடியும். போக்குவரத்துத் துறையிலும் காவல் துறையிலும் இருப்பவர்களே, பிடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பிடித்தால் முதலில் பிரேக்கைப் பாருங்கள், அப்புறம் அபராதம் எழுதுங்கள். எதனால் பிடித்தீர்கள் என்று அந்தப் பையனுக்குப் புரிய வேண்டும்.

பையன்களே, ரோட்டுக்கு 250 வாட்டும் 25 கி.மீ.யும் போதும், ஹெல்மெட்டோடு. அந்த 1,000 வாட்டைத் தோட்டத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாழைத்தாரும் புல்லுக்கட்டும் தோட்டத்துக்குள்தான் இருக்கின்றன. பேட்டரியை வீட்டுக்குள் கட்டில் பக்கத்தில் வைத்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடாதீர்கள். கொல்லிமலைக்குப் பஸ் போகிறது, அதில் போய் வாருங்கள். உங்கள் வண்டி அந்த இறக்கத்துக்குத் தகுதி பெறும் நாளில் சொல்லுங்கள். நானே அடிவாரத்துக்கு வந்து பார்க்கிறேன்.

கடைசியாக அந்தப் பையனின் அப்பாவுக்கு. தம்பி, உன் கோபம் பயத்தில் வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரே பையன். ஆனால் அந்த வண்டியை இரும்பு விலைக்குப் போட்டால் உனக்குச் சில நூறு ரூபாய் கிடைக்கும். அவனுக்கு ஒன்று மட்டும் புரியும், இனி எதைச் செய்தாலும் வீட்டுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்று. பயம் இருந்தால் அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு முன் சக்கரத்துக்கு ஒரு நல்ல டிஸ்க் பிரேக் வாங்கிக் கொடு. அதை நீயும் அவனும் சேர்ந்து மாட்டுங்கள். அதற்கு வேண்டிய காசில் பாதியை நான் தருகிறேன், கடன் இல்லை.

எடைக்குப் போட வேண்டியது நம் தலைக்குள் இருக்கிற ஒன்றை. கை அழுக்காகிறவனுக்கு மூளை குறைவு என்கிற நினைப்பு அது. நாமக்கல் மாவட்டத்தில் பிறந்துவிட்டு அந்த நினைப்பை வைத்துக்கொள்வது சோறு போட்ட கையைக் கடிப்பது.

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். பையன் பெயரையோ படத்தையோ கீழே போட வேண்டாம். யாராவது போட்டால் நீக்கிவிடுவேன். பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை இடம் தருகிறவர்கள் மட்டும் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.
உங்கள் டீச்சர், ஜேடர்பாளையம்.